நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்: பெய்ட்டன் மேனிங்கின் கை திரும்பிய கதை

"அறுவை சிகிச்சை நடந்தது கழுத்தில். அப்புறம் ஏன் அவரால் பந்தை எறிய முடியவில்லை? குணமாக ஏன் ஒரு வருடம் ஆனது?" அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்க ஆரம்பித்திருக்கும் வாசகர் ஒருவர் பெய்ட்டன் மேனிங்கைப் பற்றி இப்படிக் கேட்டிருந்தார். எனக்கு மிகவும் பிடித்த உயிரியல் விஷயம் ஒன்று இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

அந்த ஆட்டத்தில் பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர் குவார்ட்டர்பேக். இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்காக மேனிங் அந்த இடத்தில் 1998இலிருந்து 13 சீசன்கள், லீக் ஆட்டங்கள் 208, ஒன்றைக்கூட விடாமல் ஆடியவர். 2011இல் கழுத்து டிஸ்க் பிரச்சினைக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு, கல்லூரிக் காலத்து நண்பரான பேஸ்பால் வீரர் டாட் ஹெல்டனுடன் டென்வரில் ரகசியமாக எறிந்து பார்த்தார். முதல் பந்து சில கஜ தூரத்திலேயே தலைகுப்புற விழுந்தது. வேண்டுமென்றே வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்து ஹெல்டன் சிரித்துவிட்டார். அந்த செப்டம்பரில் கழுத்தெலும்புகளை இணைக்கும் இன்னொரு அறுவை சிகிச்சை நடந்தது. சீசன் முழுவதும் மேனிங் களமிறங்கவில்லை. கோல்ட்ஸ் 16 ஆட்டங்களில் இரண்டில்தான் வென்றது.

எறியும்போது முழங்கையை நீட்டுவது மேற்கையின் பின்பக்கத்திலுள்ள டிரைசெப்ஸ் தசை. அதற்கான கட்டளை பெரும்பாலும் ஏழாவது கழுத்து நரம்பு வேர் வழியாகத்தான் போகிறது. பிதுங்கிய டிஸ்க் வேரை அழுத்தினால் தசைக்கு ஒரு கீறலும் இல்லாமலேயே கை பலமிழக்கும். அறுவை சிகிச்சை அந்த அழுத்தத்தை நீக்கும், அவ்வளவுதான். நரம்பு தானாகத்தான் தேற வேண்டும். மேலுறை மட்டும் நசுங்கியிருந்தால் சில வாரங்களில் சரியாகிவிடும். உள்ளே ஓடும் ஆக்ஸான் என்ற இழையே அறுந்திருந்தால்தான் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

டிரைசெப்ஸுக்குப் போகும் ஆக்ஸான் ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல்லின் நீட்சி. செல்லின் உடல் தண்டுவடத்தில் இருக்கிறது, இழையின் நுனி மேற்கையில். நடுவில் ஏறத்தாழ 30 செ.மீ. இழை அறுந்தால் அறுந்த இடத்துக்கு அப்பாலுள்ள பகுதிக்கு உணவு வரத்து நின்று, அது துண்டு துண்டாகச் சிதைகிறது. இதை முதலில் விளக்கமாக எழுதியவர் பிரிட்டிஷ் உடலியலாளர் அகஸ்டஸ் வாலர். 1850இல் தவளை நாக்கின் நரம்புகளை வெட்டி அவர் பார்த்த வேலை அது. இதனால் என்ன பயன் என்று கேட்டு நிதி தரும் குழு எதுவும் தவளை நாக்குக்குப் பணம் தராது. அப்படி வந்த அறிவில்தான் இன்றைய நரம்பு அறுவை சிகிச்சையே நிற்கிறது. பயன் கேட்காத ஆய்வுக்கும் பணம் ஒதுக்கத்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து நடப்பதுதான் அழகு. இழையைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை போட்டிருந்த ஷ்வான் செல்கள் அந்த வேலையைக் கைவிட்டு வேறு ஆளாக மாறுகின்றன. தாங்கள் சுற்றிய உறையைத் தாங்களே தின்கின்றன. இடிபாடுகளை அள்ள ரத்தத்திலிருந்து துப்புரவு செல்களை அழைக்கின்றன. பிறகு பெருகி, பழைய குழாய்க்குள்ளேயே வரிசை கட்டி நின்று, வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களைக் கசியவிடுகின்றன. பாதை தயார்.

மேலே, அறுந்த முனையில், வளர்கூம்பு முளைக்கிறது. 1890இல் கோழிக்கருவில் இதை முதலில் கண்டு சொன்னவர் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி ரமோன் இ காஹல். கூம்பிலிருந்து மெல்லிய விரல்கள் நீளும், முன்னால் இருப்பதைத் தொட்டுப் பார்க்கும். ஷ்வான் செல்லின் பரப்பு கிடைத்தால் பற்றிக்கொண்டு முன்னேறும், இல்லையென்றால் சுருங்கி வேறு திசையில் துழாவும். இப்படி ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். தலைமுடி வளர்வதைப்போல மூன்று மடங்கு, நகத்தைப்போலப் பத்து மடங்கு வேகம்.

ஏன் அதற்கு மேல் முடியாது? கூம்பு எவ்வளவு துடித்தாலும் கட்டுமானப் பொருள் தண்டுவடத்திலுள்ள செல்லுடலிலிருந்துதான் வர வேண்டும். ஆக்ஸானுக்குள் இரண்டு வகைப் போக்குவரத்து உண்டு. சிறு பைகளில் போகும் சரக்கு நாளுக்கு 400 மி.மீ. வரை ஓடும். இழையின் எலும்புக்கூடாகும் டியூபுலின், ஆக்டின் போன்ற புரதங்களோ நின்று நின்று நகர்ந்து நாளுக்கு ஒன்றிலிருந்து சில மி.மீ.தான் போகும். வளர்ச்சியின் வேகம் இந்த மெதுவான சரக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. கோடிகளில் சம்பளம் வாங்கும் வீரருக்கும் அதே வேகம்தான். தைலம் தேய்த்தால் நரம்பு வேகமாக வளரும் என்று விற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. காத்திருக்கிற மனிதரின் பதற்றத்தில்தான் அந்த வியாபாரம் நடக்கிறது.

300 மி.மீ., 300 நாள். வாசகர் கேட்ட ஒரு வருடம் ஏறத்தாழ இதுதான். இதற்கிடையில் அறுபடாத பக்கத்து இழைகளும் கிளைவிட்டு, அநாதையான தசைச் செல்களைத் தத்தெடுத்துக்கொள்ளும். ஆனால் தசை காலவரையின்றிக் காத்திருக்காது. ஒன்று, ஒன்றரை வருடம் நரம்பு வராமல் போனால் அது மெலிந்து, ஏற்கும் தன்மையை இழக்கத் தொடங்கும்.

2012 மார்ச்சில் கோல்ட்ஸ் மேனிங்கை விடுவித்தது, டென்வர் பிராங்கோஸ் எடுத்துக்கொண்டது. கையில் குறைந்த வேகத்தைக் கால், இடுப்பு அசைவுகளால் ஈடுகட்டப் பழகினார். 2013இல் ஒரே சீசனில் 55 டச் டவுன் (கால்பந்தின் கோல் போல, பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பது) எறிந்து சாதனை படைத்தார். 2016 பிப்ரவரியில், 39 வயதில், லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்றார்.

விரல்களின் கதை வேறு. கழுத்திலிருந்து விரல் நுனி வரை ஏறக்குறைய 80 செ.மீ. அந்தத் தூரத்தை இழைகள் கடக்க இரண்டு வருடத்துக்கும் மேலாகும். அதற்குள் பாதையில் நிற்கும் ஷ்வான் செல்களும் களைத்துக் குறைந்துவிடும். தன் விரல் நுனிகளில் உணர்ச்சி திரும்பவே இல்லை என்று மேனிங் பின்னாளில் சொன்னார். டென்வரில் அவர் எறியும் கையில் கையுறை மாட்டிக்கொண்டு ஆடியது பந்து பிடியிலிருந்து நழுவாமல் இருக்கத்தான்.