வற்றிய ஏரியில் படகோட்டிக்கு முன்னால் இருப்பது ஏன் தெரிவதில்லை?

போன வருடம் தடையில்லாமல் படகு போன அதே வழி, அதே ஏரி. இந்த வருடம் நீர்மட்டம் 3 மீட்டர் இறங்கியிருக்கிறது. மேலே இருந்து பார்த்தால் கரை கொஞ்சம் அகலமாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் 3.5 மீட்டர் ஆழத்தில் யாருக்கும் தொந்தரவு தராமல் கிடந்த பாறை, இப்போது அரை மீட்டர் தண்ணீருக்குக் கீழே காத்திருக்கிறது. முழுதாக வெளியே தலைகாட்டும் பாறையால் பெரிய ஆபத்தில்லை. அதைப் பார்த்ததும் விலகிப் போய்விடலாம். ஒரு சாண், இரண்டு சாண் தண்ணீருக்கு அடியில் ஒளிந்திருப்பதுதான் படகைக் கிழிக்கும்.

சரி, தெளிந்த தண்ணீர்தானே, உற்றுப் பார்த்தால் தெரியாதா? தெரியாது என்பதற்குக் காரணம் ஒளியில் இருக்கிறது. நேர் கீழே குனிந்து பார்க்கும்போது நீரின் மேற்பரப்பு ஒளியில் 2 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். அதனால் அடித்தரை நன்றாகவே தெரிகிறது. பார்வை சாயச் சாய, அதே பரப்பு முகம் பார்க்கும் கண்ணாடியாக மாறிக்கொண்டே போகும். படகில் உட்கார்ந்திருப்பவரின் கண் நீரிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் 15 மீட்டர் முன்னால் பார்க்கும்போது, அந்த இடத்தில் விழும் வான ஒளியில் பாதிக்கு மேல் அவர் கண்ணுக்கே திரும்பி வருகிறது. அவர் பார்ப்பது ஏரியை அல்ல, வானத்தை.

ஒளிவிலகலால் ஆழம் குறைவாகத் தெரியும் என்று பள்ளியில் படித்தது நினைவிருக்கும். 2 மீட்டர் ஆழம் நேர் மேலிருந்து பார்த்தால் 1.5 மீட்டர் போலத் தோன்றும். நல்ல வேளையாக அந்த ஏமாற்று நம்மை எச்சரிக்கும் பக்கம்தான் சாய்கிறது. பிரச்சினை பிரதிபலிப்புதான்.

போலராய்டு கண்ணாடி போட்டால் கூச்சம் போய்விடும் என்பார்கள். போகும், ஒரே தளத்தில் அதிரும் ஒளியை அது தடுத்துவிடும். ஆனால் எந்த இடத்தில் என்று பாருங்கள். நீரில் பட்டுத் திரும்பும் ஒளி முழுமையாக ஒரே தளத்தில் அதிர்வது, செங்குத்துக் கோட்டிலிருந்து 53 டிகிரி சாய்வில் பார்க்கும்போது மட்டும். 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணுக்கு அந்த இடம் வெறும் 2 மீட்டர் முன்னால் வருகிறது. மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் படகு 2 மீட்டரைக் கால் நொடியில் தாண்டிவிடும். கண்ணாடி பக்கவாட்டில் பார்க்க உதவும், மெதுவாகப் போகும்போது உதவும். வேகமாகப் போகிறவருக்கு அது வெறும் அலங்காரம்.

அப்புறம் ஆழமானி. ஒலியைக் கீழே அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து ஆழத்தைச் சொல்லும் கருவி. நன்னீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர் போவதால் பதில் உடனே வந்துவிடும். ஆனால் சாதாரணக் கருவி கேட்பது படகுக்கு நேர் கீழே இருப்பதை மட்டும். ஒலிக்கற்றை 20 டிகிரி அகலம் என்றால், 10 மீட்டர் ஆழத்தில் அது தரையில் 3.5 மீட்டர் வட்டத்தைத் தடவும். 2 மீட்டர் ஆழத்தில் 70 சென்டிமீட்டர் மட்டுமே. ஆழம் குறையக் குறையக் கருவியின் பார்வையும் குறுகிக்கொண்டே போகிறது, அதாவது மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் அது மிகக் குறைவாகப் பார்க்கிறது. பெரும்பாலும் அதைப் பின்புறத்தில்தான் பொருத்துவார்கள். பாறையைப் பற்றி அது சொல்வதற்குள் படகின் முன்பாதி பாறையைத் தாண்டியோ மோதியோ இருக்கும். எண் சீராகக் குறைந்துகொண்டே வந்தால் திட்டு நெருங்குகிறது என்று புரிந்துகொள்ளலாம். நெட்டுக்குத்தாக நிற்கும் ஒற்றை அடிமரத்துக்கு அந்த முன்னறிவிப்பு கிடையாது.

அடிமரம் என்றதும் ஒரு கேள்வி வரும். அணை கட்டியபோது மூழ்கிய மரம் இத்தனை வருடம் மக்காமல் இருக்குமா? இருக்கும். மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைகளுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆழத்தில் அது குறைவு. பத்தாண்டுகள் கடந்தும் மரம் உறுதியாக நிற்கும். இதைவிட மோசமானது மிதக்கும் கட்டை. மரத்தின் உள்ளறைகளில் இருக்கும் காற்றின் இடத்தை மெல்ல மெல்லத் தண்ணீர் பிடித்துக்கொள்ள, கனமான அடிப்பக்கம் முதலில் மூழ்கிக் கட்டை செங்குத்தாகத் தொங்கும். நுனி மட்டும் நீர்மட்டத்தை ஒட்டி அசைந்துகொண்டிருக்கும். நேற்று அங்கே இல்லை, நாளை வேறிடம்.

வரைபடத்தில் அச்சிட்ட ஆழம் ஒரு குறிப்பிட்ட நீர்மட்டத்துக்குரியது. அமெரிக்காவின் மீட் ஏரி, 2022 கோடையில் அதன் முழுக் கொள்ளளவு மட்டத்தைவிடச் சுமார் 57 மீட்டர் கீழே இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் படகு ஒன்றுகூட அப்போது தண்ணீரிலிருந்து வெளியே வந்தது. இறங்கிய அளவை வரைபட ஆழத்திலிருந்து கழித்துப் பார்க்க வேண்டும். பழைய ஆற்றின் தடம் தெரிந்தால் இன்னும் நல்லது: வளைவின் வெளிப்பக்கத்தை ஆறு அரித்திருக்கும், அங்கே ஆழம் அதிகம், உட்பக்கம் மணல் சேர்ந்து திட்டாக இருக்கும்.

வழிகாட்ட நங்கூரமிட்டு வைத்திருக்கும் மிதவைகளையும் முழுதாக நம்ப முடியாது. 12 மீட்டர் சங்கிலியில் கட்டிய மிதவை, 10 மீட்டர் ஆழத்தில் நங்கூரத்திலிருந்து அதிகபட்சம் 6.6 மீட்டர்தான் விலகும். ஆழம் 6 மீட்டராகிவிட்டால் 10.4 மீட்டர் வரை காற்றோடு போகும்.

தண்ணீரே சில தகவல் தரும். அலை ஆழமற்ற இடத்தில் வேகம் குறைந்து, நெருங்கி, நிமிர்ந்து, உயரம் ஆழத்தின் ஏறக்குறைய எண்பது சதவீதமானதும் உடையும். சுற்றிலும் சீரான அலை, நடுவில் ஓரிடத்தில் மட்டும் சிலுசிலுப்பு என்றால் அடியில் ஏதோ இருக்கிறது. நடு ஏரியில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

வேகத்தைக் குறைத்தால் என்ன கிடைக்கும்? 15 மீட்டர் தூரத்துக்கு மணிக்கு 30 கிலோமீட்டரில் 1.8 நொடி, 6 கிலோமீட்டரில் 9 நொடி. மோதலின் ஆற்றல் இருபத்தைந்தில் ஒரு பங்கு. முதல் வேகத்தில் படகு சட்டென நின்றால் உள்ளே இருப்பவர் 3.5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகத்தில் முன்னே பறப்பார். லைஃப் ஜாக்கெட்டைப் படகில் வைத்திருந்தால் போதாது, உடம்பில் மாட்டியிருக்க வேண்டும் என்பது இதனால்தான். ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டால் இழுபட்டு எஞ்சினை நிறுத்தும் கயிற்றையும் அவர் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

வேகத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஆழமற்ற நீரில் படகுக்கும் தரைக்கும் இடையே தண்ணீர் நெருக்கப்பட்டு வேகமாக ஓடுகிறது, அழுத்தம் குறைகிறது, படகு கீழே இழுபடுகிறது. 1 மீட்டர் ஆழத்தில் அலை போகக்கூடிய வேகம் மணிக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர். படகு அதை நெருங்கும்போது பின்புறம் அமிழ்ந்து, புரொப்பெல்லர் தரையைத் தேடிப் போகும். பாய்ந்து போகும் படகிலும் இதே தொல்லை: ஓடும்வரை மேலெழும்பி இருக்கும், பயந்து திடீரென வேகத்தைக் குறைத்தால் பின்புறம் தாழ்ந்து, திட்டின் மேலேயே உட்கார்ந்துவிடும். அதனால் சந்தேகமான பகுதிக்குள் நுழையும் முன்பே மெதுவாக்க வேண்டும், உள்ளே போன பிறகு அல்ல.

தரை தட்டிவிட்டால் எஞ்சினை முறுக்காதீர்கள். குளிர்விக்கும் குழாய் வழியே சேறு உள்ளே போகும். கிளறிய மணல் படகின் அடியிலேயே குவியவும் செய்யும். எஞ்சினை அணைத்து, மோட்டாரைத் தூக்கி, முதலில் உள்ளே தண்ணீர் ஏறுகிறதா என்று பாருங்கள். ஓட்டை விழுந்திருந்தால் அந்தத் திட்டின் மேல் இருப்பதுதான் பத்திரம். அவசரமாகப் பின்னே இழுத்தால் ஆழத்தில் போய் மூழ்கும். ஓட்டை இல்லையென்றால் எல்லோரும் தட்டாத பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, துடுப்பால் தள்ளி, வந்த வழியிலேயே திரும்பலாம். அந்த வழியில் ஆழம் இருந்தது என்பது மட்டும் உறுதியாகத் தெரியும்.