காம்படியில் கரும்பச்சை

எங்கள் வளவில், கிணற்றடி வாய்க்காலோரம் நிற்பது ஊர்த்தக்காளி. அம்மம்மா சாம்பலில் பிரட்டிக் காயவைத்த விதையின் வழி வந்தது. தை, மாசியில் காய் முற்றும்போது அதன் காம்படியைப் பார்த்தால் கரும்பச்சை படர்ந்திருக்கும். கீழ்ப்பாதி வெளிறிய பச்சை. பழுத்த பின்னும் சிலவேளை அந்த இடம் மஞ்சளாக, கடினமாக நின்றுவிடும். சந்தைக்குப் பெட்டியில் வரும் பல இனங்களில் இது இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம், பார்க்க அழகு.

அந்த அழகுக்காக இனிப்பில் கொஞ்சம் பறிபோயிருக்கிறது. இலையைப் போலவே காயும் சூரிய ஒளியில் தானே வெல்லம், அதாவது இனிப்பான சர்க்கரை, ஆக்கும். காம்படிக் கரும்பச்சை என்பது அந்த வேலையைச் செய்யும் நுண்ணிய பச்சை மணிகளான பச்சையவுருமணிகள் நெருக்கமாக இருப்பதன் அடையாளம். ஒரே சீராகப் பழுக்கும் செடிகளை இனவிருத்தியாளர்கள் தேடித் தேடித் தெரிந்தபோது, பச்சையவுருமணிகளைப் பெருக்கும் பரம்பரையலகு (ஜீன்) பழுதான செடிகளே கைக்கு வந்தன. இது 2012 இல்தான் தெரியவந்தது.

ஆனால் தக்காளியின் சுவையில் பெரும்பங்கு நாக்குக்கு உரியதல்ல, மூக்குக்கு உரியது. வெல்லமும் சித்திரிக் அமிலமும் இனிப்பு, புளிப்பைத் தரும். மற்றதெல்லாம் மணம். பழத்தில் ஆவியாகும் சேர்வைகள் 400 வரை உண்டு. நாம் உணர்வது அவற்றில் இருபது, முப்பதைத்தான். கத்தி பட்டதும் எழும் பச்சை வாசம், பழத்தின் கலங்கள் (செல்கள்) உடைந்து நொதியங்கள் (என்சைம்கள்) கொழுப்பமிலங்களை அந்த நொடியிலேயே பிளப்பதால் வருகிறது. பழவாசம் வேறு. பழத்தைச் சிவப்பாக்கும் நிறப்பொருட்கள் உடைவதாலும் அது உண்டாகிறது. ஆகவே நிறம் ஏறுகிற நாட்களில்தான் மணமும் ஏறும்.

தூரத்துச் சந்தைக்குப் போகும் தக்காளியை அதற்கு முன்பே பிடுங்கிவிடுகிறார்கள். வியாபாரியைக் குறை சொல்ல மாட்டேன். லொறியில் நசிந்த பழத்தை யார் வாங்குவார்? பிடுங்கிய காயும், பழுக்கவைக்கும் எதிலீன் வாயுவால் சிவக்கும். ஆனால் காம்பு அறுந்ததோடு செடியிலிருந்து வெல்லம் வருவது நின்றுவிடுகிறது. ஏற்றுமதிக்கென்று தெரிந்தெடுத்த இனங்களில் சதை தடிப்பு, விதையைச் சுற்றிய வழுவழுப்பான சாறு குறைவு. சொதிக்கு ருசி கொடுப்பது அந்தச் சாறுதான். புளிப்பும், இறைச்சிக் குழம்பில் வருவது போன்ற சுவையும் அதில்தான் செறிந்திருக்கின்றன. அதை வழித்து எறிபவர்களைக் கண்டால் எனக்கு மனம் பதறும்.

வன்னி வெயிலுக்கும் இதில் பங்குண்டு. பங்குனி, சித்திரையில் வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டினால் சிவப்பு நிறப்பொருளான லைக்கோபீன் சரியாக உருவாகாது. பழம் செம்மஞ்சளோடு நின்றுவிடும். இரவும் புழுங்கினால் பூவே கொட்டும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் கிணற்றுத் தண்ணீர் லேசாக உவர்த்தால் வேர் தண்ணீரை உறிஞ்சச் சிரமப்படும். பழம் சிறுக்கும், ஆனால் வெல்லம் செறியும். உவர் கூடினால் செடியே கருகிவிடும்.

வீட்டுப் பழத்தையும் பிரிட்ஜில் வைத்துக் கெடுத்துவிடலாம். 2016 இல் புளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழுத்த தக்காளியை 5 பாகையில் 7 நாள் வைத்துப் பார்த்தார்கள். வெல்லமும் அமிலமும் அப்படியே இருந்தன. மணம் ஆக்கும் பரம்பரையலகுகள் அடங்கிப்போயின. வெளியே எடுத்து வைத்தும் மணம் முழுதாகத் திரும்பவில்லை. எங்கள் வீட்டில் பழங்கள் குசினித் தட்டில், காம்பு கீழ்ப்பக்கமாக, ஒரு சுளகில் கிடக்கின்றன.