'செயல்படுத்தப்பட்ட' நானோகுழாயா?

வாயு உணரி (கேஸ் சென்சார்) பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் 'செயல்படுத்தப்பட்ட கார்பன் நானோகுழாய்' என்று மறுபடியும் மறுபடியும் வருகிறது. கார்பன் அணுக்களால் ஆன மிக மிக மெல்லிய குழாய் அது. அதுவரை அந்தக் குழாய் தூங்கிக்கொண்டா இருந்தது?

மூலச்சொல் ஃபங்ஷனலைஸ்ட். பணியாற்றுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வேர், சரி. ஆனால் வேதியியலுக்குள் அது ஃபங்ஷனல் குரூப் வழியாக, அதாவது ஒரு மூலக்கூறு எப்படி வினைபுரியும் என்பதைத் தீர்மானிக்கும் அணுக்கூட்டத்தின் பெயர் வழியாக வந்தது. அதற்குப் பள்ளிப் பாடநூலிலேயே 'வினைசெயல் தொகுதி' இருக்கிறது. நானோகுழாயை நைட்ரிக் அமிலத்தில் காய்ச்சினால் அதன் மேல் கார்பாக்சில் தொகுதிகள் ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே 'தொகுதியேற்றிய நானோகுழாய்'. என்ன நடந்தது என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது.

'செயல்படுத்தப்பட்ட' எதைக் காட்டுகிறது? திட்டத்தைச் செயல்படுத்துகிறோம், மென்பொருளைச் செயல்படுத்துகிறோம். அதைவிட மோசம், 'செயல்படுத்தப்பட்ட கார்பன்' என்று ஏற்கெனவே வேறொரு பொருள் இருக்கிறது: நீர் வடிகட்டியிலும் வாயு முகமூடியிலும் போடும் கரி. அது எண்ணற்ற நுண்துளைகளால் வாயுவைப் பிடித்து வைக்கிறது. உணரியிலுள்ள குழாயின் வேலை வேறு; வாயு ஒட்டும்போது அதன் மின்கடத்தல் மாறுகிறது. நைட்ரஜன் டைஆக்சைடு எலக்ட்ரானை இழுத்துக்கொண்டால் கடத்தல் கூடும், அம்மோனியா கொடுத்தால் குறையும். இதை 2000-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். இரண்டும் கார்பன், இரண்டும் வாயுவைப் பிடிப்பவை, இரண்டுக்கும் ஒரே அடைமொழி என்றால் படிக்கிற மாணவர் என்ன செய்வார்? அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளருக்கு இந்தக் கவலை கிடையாது. ஆங்கிலத்தில் கரிக்கு ஆக்டிவேட்டட், குழாய்க்கு ஃபங்ஷனலைஸ்ட் என இரண்டு சொல், தமிழில் ஒன்று. கேட்டால் தமிழில் சொல்வளம் போதாது என்பார்கள்!

தூய்மை பார்ப்பவர்கள் கார்பனைக் கரிமம் ஆக்கட்டும், எனக்குச் சண்டையில்லை. ஆனால் நானோவை 'நுண்' ஆக்க வேண்டாம். அது மைக்ரோவுக்குப் போய்விட்டது, ஆயிரம் மடங்கு பெரியது. நானோ கிரேக்கத்தில் குள்ளன். நம் 'குறள்' என்ற சொல்லுக்கும் அந்தப் பொருள் உண்டு. அதற்காகக் குறட்குழாய் என்று எழுதச் சொல்ல மாட்டேன்.

அப்புறம், ஹைட்ரஜன் உணரி. வெறும் குழாய் ஹைட்ரஜனைக் கண்டுகொள்வதே இல்லை எனலாம். பலேடியம் என்ற உலோகத்தின் துகள்களைச் சேர்த்தால்தான் உணர்கிறது. பலேடியம் வினைசெயல் தொகுதி அல்ல, அதனால் இங்கே 'தொகுதியேற்றிய' பொருந்தாது. 'பலேடியம் பதித்த' என்றால் முடிந்தது. இதற்கும் 'செயல்படுத்தப்பட்ட' என்றே எழுதுகிறார்கள்.