பராஷா: வாரம் ஒரு பகுதி

2020 ஏப்ரல் 25, சனிக்கிழமை. கொரோனாவுக்குப் பயந்து ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நேரம். அன்றைக்கு யூதர்களின் வேத வாசிப்பில் வந்தது லேவியராகமத்தின் தஸ்ரியா–மெட்சோரா பகுதி. தோல்நோய் என்று சந்தேகம் வந்தால் ஏழு நாள் அடைத்து வை, உறுதியானால் மீசையை மூடிக்கொண்டு பாளையத்துக்கு வெளியே தனியாக இருக்கட்டும் என்று அது சொல்கிறது. யாரும் தேடி எடுத்ததல்ல, முறைப்படி வந்தது. ஜெப ஆலயங்கள் பூட்டியிருந்ததால் பலர் வீட்டிலேயே வாசித்தார்கள்.

இப்படி வாரந்தோறும் முறைவைத்து வருவதுதான் பராஷா. முழுப்பெயர் 'பராஷத் ஹஷாவுவா', அதாவது வாரத்தின் பகுதி. கிழக்கு ஐரோப்பிய யூதர் வாயில் அது 'பார்ஷா'.

யூத வேதத்தின் முதல் பாகமான தோராவின் ஐந்து நூல்களும் 54 பராஷாக்களாகப் பிரிந்திருக்கின்றன. ஓய்வுநாளான சனிக்கிழமைகள் போதாத ஆண்டில் சிலவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்துவிடுவார்கள். மேலே சொன்னதும் அப்படி ஓர் இரட்டைதான். ஓராண்டில் முடிக்கும் வழக்கம் பாபிலோனிய யூதர்களுடையது. பழைய பலஸ்தீனத்தில் ஏறக்குறைய மூன்றாண்டு எடுத்துக்கொண்டார்கள். சிம்ஹத் தோரா பண்டிகையன்று கடைசி நூலான உபாகமத்தின் முடிவில் மோசேயின் மரணத்தை வாசித்து, அதே கூட்டத்தில் முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் வரியைத் தொடங்கிவிடுவார்கள். நடுவில் இடைவெளியே கிடையாது.

இனி வேர். எபிரேயத்தில் ப-ர-ஷ் என்ற மூன்று மெய்களுக்குப் 'பிரி', 'தெளிவாக்கு' என இரண்டு பொருளும் உண்டு. எஸ்றா காலத்தில் நியாயப்பிரமாண நூலைத் 'தீர்க்கமாக வாசித்து' அர்த்தம் சொன்னார்கள் என்று வேதத்தின் நெகேமியா நூல் 8-ஆம் அதிகாரத்தில் வருகிறதே, அந்தத் 'தீர்க்கமாக' இந்த வேரிலிருந்து வந்த சொல்தான். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் பழகிய 'பரிசேயர்' கூட, பிரிந்து நின்றவர் என்ற பொருளில் இதே வேரிலிருந்து வந்ததாகவே பரவலாகக் கருதுகிறார்கள்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'அதிகாரம்' ஒத்துவராது, நோவாவின் பராஷா ஆதியாகமம் ஆறாம் அதிகாரத்தின் நடுவில் தொடங்கிப் பதினொன்றின் கடைசிவரை போகிறது. 'வாசகம்' என்றால் கத்தோலிக்கத் திருப்பலிதான் நினைவுக்கு வரும். எளிய 'வாரப் பகுதி' போதும் என்பது என் கட்சி. பகு என்ற வேரிலிருந்துதானே பகுதியும் வருகிறது, பகுத்தறிவும் வருகிறது? எபிரேய வேர் செய்யும் அதே வேலையைத் தமிழ் வேரும் செய்கிறது.

இதைத் 'த்ராஷா'வோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது 'தேடு' என்ற வேரில் பிறந்த சொல். பகுதியை நாட்டு நடப்போடு பொருத்திப் பேசும் பிரசங்கம். பகுதி மாறாது, பிரசங்கம் ஆண்டுதோறும் புதிது.

சபாத் (Chabad) ஹசீதியர் என்ற யூத பக்தி இயக்கத்தார் ஒரு சம்பவம் சொல்வார்கள். அவர்களுடைய முதல் குரு ஷ்னேயூர் ஸல்மான், "காலத்தோடு வாழ வேண்டும்" என்றாராம். கேட்டவர்களுக்குப் புரியவில்லை. காலம் என்று அவர் சொன்னது அந்த வாரத்துப் பராஷாவை என்பது அப்புறம்தான் விளங்கியது.