கடலடியில் மீத்தேன் கசிவு: வெள்ளைத் திட்டைக் கண்டால் விலகிச் செல்லுங்கள்

ஒலியால் கடலடியைக் காட்டும் சோனார் கருவியின் திரையில் குமிழித் தூண் தெரிந்தால்தான் மீத்தேன் கசிவு என்று நினைப்பது தவறு. குமிழியே எழாத கசிவுகளும் உண்டு. அங்கே வாயு மேலே வராததற்குக் காரணம், சேற்றுக்குள்ளேயே அதைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள். கேபிள் பதிக்கும் கலப்பையும் இழுவலையும் முதலில் கிளறிவிடுவது அந்த நுண்ணுயிர்கள் வாழும் அடுக்கைத்தான்.

ஆக்சிஜன் எட்டாத சேற்றில் ஆர்க்கியாக்களும் (பாக்டீரியாவிலிருந்து வேறுபட்ட நுண்ணுயிர்கள்) பாக்டீரியாக்களும் கொத்தாக ஒட்டி வாழ்கின்றன. முன்னவை மீத்தேனை உடைக்கின்றன. பின்னவை சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுகின்றன. அமெரிக்காவின் ஆரெகன் கரைக்கு அப்பாலுள்ள ஹைட்ரேட் ரிட்ஜ் என்ற கடலடி மேட்டில் கிடைத்த இந்தக் கூட்டணி பற்றிய ஆய்வு 2000இல் வெளியானது. இதில் கிடைக்கும் ஆற்றல் சொற்பம் என்பதால், இவை ஒருமுறை இரட்டிப்பாகவே மாதக்கணக்காகும். கலைத்துவிட்டால் சட்டென்று மீளாது.

அந்த சல்ஃபைடு சேற்றின் மேற்பரப்பை எட்டும் இடத்தில்தான் பெக்கியாட்டோவா பாக்டீரியாக்கள் வெள்ளையாகப் படர்கின்றன. கேமராவில் பார்ப்பவர்கள் இதைச் செத்த நிலம் என்று குறித்துவிடுவதுண்டு. உண்மை நேர்மாறானது. பக்கத்தில் மட்டிகள் உயிரோடு இருந்தால் கசிவு இப்போதும் நடக்கிறது. வெற்று ஓடுகள் மட்டுமே என்றால் அது குறைந்திருக்கலாம், இடம் மாறியிருக்கலாம். லாமெல்லிபிராக்கியா குழாய்ப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. சேற்றில் புதைந்த வேர் போன்ற பின்பகுதியால் சல்ஃபைடை உறிஞ்சி, உடலுக்குள் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு ஊட்டி, அவற்றால் பிழைக்கிறது. மெக்சிகோ வளைகுடாவில் இவை 200 ஆண்டுகளுக்கு மேல் வாழ்கின்றன. ஒரே இழுப்பில் போவது அத்தனை ஆண்டு வளர்ச்சி.

மாதிரி எடுப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 1000 மீட்டர் ஆழத்தில் சுமார் 100 வளிமண்டல அழுத்தம். சேற்றை அப்படியே எடுத்துவரும் குழாயான உருளை மேலே வர வர, கரைந்திருந்த மீத்தேன் குமிழியாகி வெளியேறும், சேறு வெடித்துப் பிளக்கும். கப்பலில் அளப்பது மிச்சத்தை மட்டுமே. உண்மை அளவு வேண்டுமென்றால் அழுத்தம் காக்கும் உருளைதான் வழி. சாதா உருளையானால், மேல்தளம் வந்ததும் நுனி வெட்டிய சிரிஞ்சில் 3 மி.லி. சேறு எடுத்து, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் உள்ள குப்பியில் போட்டு உடனே அடைத்துக் குலுக்குங்கள். சல்ஃபைடு அளக்க வேண்டிய துளைநீரை, அதாவது சேற்றுத் துகள்களின் இடுக்கில் உள்ள நீரைத் தாமதிக்காமல் துத்தநாக அசிட்டேட்டில் கலந்துவிடுங்கள், இல்லையேல் காற்றுப்பட்டே அழிந்துவிடும்.

அழுகிய முட்டை வாடை நின்றுவிட்டால் நிம்மதி அடையாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு கூடும்போது மூக்கே மரத்துப்போகும். எச்சரிக்கைக் கருவியைத்தான் நம்ப வேண்டும். உருளையில் வெண்பனி போல ஹைட்ரேட் (மீத்தேனை உள்ளே அடைத்த பனிக்கட்டி போன்ற பொருள்) தெரிந்தால் இரு முனையையும் இறுக மூடவே கூடாது. ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் உருகினால் ஏறத்தாழ 164 கன மீட்டர் வாயு. குழாயில் துளையிட்டு வாயுவை வெளியேற்றிய பிறகே கையாளுங்கள்.