டெஸ்ட் பச்சை, எஸ்எம்எஸ் இரண்டு

வெர்ஷன் பார்க்காமல் டாக்குமெண்டேஷனை (கையேட்டை) நம்பி ஏமாந்த கேஸ் இந்த மாதமும் ஒன்று வந்து சேர்ந்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை ஒன்றின் கூலிக் கணக்கு மென்பொருள். கூலி ஏறியதும் ஆளுக்கு ஒரு எஸ்எம்எஸ் போகவேண்டும், இரண்டு போனது. இன்னொரு கூலி எங்கே என்று பட்டறையில் ஒரே சத்தம். "ஒரு முறைதான் அனுப்புகிறதா" என்று பார்க்கும் டெஸ்ட் மட்டும் பச்சையாகவே, அதாவது பாஸ் என்றே, இருக்கிறது.

கோடைத் திறந்தால் பைத்தான் மாக், அதாவது டெஸ்ட்டுக்காக நிஜ ஃபங்ஷனுக்குப் பதிலாக வைக்கும் போலி. ஒரு முறைதான் கூப்பிடப்பட்டதா என்று சரிபார்க்கும் 'அசர்ட்_கால்டு_ஒன்ஸ்' வரவேண்டிய இடத்தில் அசர்ட் இல்லாமல் வெறும் 'கால்டு_ஒன்ஸ்'. மாக்கிடம் இல்லாத பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் தலையாட்டும், எதையும் சரிபார்க்காது. எழுதிய தம்பியோ, "அண்ணா, அப்படி எழுதினா எரர் வரும்னு டாக்குமெண்டேஷன்லயே போட்டிருக்கே" என்கிறான். போட்டிருக்கிறது, சரி. ஆனால் அது 2023-இல் வந்த பைத்தான் 3.12-இன் மாற்றம். இங்கே ஓடுவது 3.10.

இதைத்தான் எத்தனை தடவை சொல்வது! தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் கடைசி வெர்ஷனின் பக்கம், உங்கள் மெஷினில் என்ன இருக்கிறது என்று அந்தப் பக்கத்துக்கு எப்படித் தெரியும்? மேலேயே வெர்ஷன் மாற்றும் பெட்டி இருக்கிறது, அதை ஒருவரும் தொடுவதில்லை. அசர்ட்_கால்டு_ஒன்ஸ் என்பதே 3.6-இல்தான் வந்தது, 3.4-இல் அதை எழுத்துப் பிசகாமல் எழுதினாலும் டெஸ்ட் சும்மா பாஸ் ஆகும்.

ஜாவா ஆட்கள் சிரிக்க வேண்டாம். ஜாவாவின் மாக் லைப்ரரியான மாக்கிட்டோ 1-இல் எனிஸ்ட்ரிங் (எந்த ஸ்ட்ரிங்கும் சரி என்பது) நல்லையும் (மதிப்பே இல்லாததையும்) ஏற்கும், 2-இல் ஏற்காது. ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்ட் கருவியான வைடெஸ்ட் 3-இல் ஸ்பை (நிஜ ஃபங்ஷனைக் கண்காணிக்கும் மாக்) மீது மாக்ரீசெட் போட்டால் அசல் ஃபங்ஷனே திரும்ப வந்துவிடும். இன்னொரு ஜாவாஸ்கிரிப்ட் கருவியான ஜெஸ்ட் பழக்கத்தில் அன்டிஃபைன்டு (வெற்று மதிப்பு) வரும் என்று நம்பியிருந்தால் டெஸ்ட்டே நிஜமாக மெசேஜ் அனுப்பும்.

டாக்குமெண்டேஷன் சரியாகச் சொல்லியும் படிக்காத கேஸ் தனி. பைத்தானின் டெஸ்ட் கருவியான பைடெஸ்ட்டில், எரர் வருகிறதா என்று பார்க்கும் ரெய்ஸஸின் மேட்ச், ரெகெக்ஸ் (வடிவம் பார்க்கும்) தேடல், அதில் புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்தும், 1.50 என்று கொடுத்தால் எரர் மெசேஜில் 1250 இருந்தாலும் பாஸ். கூலிக் கணக்கில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

புதிய டெஸ்ட்டை ஒரு தடவையாவது சிவப்பாகப் பார்க்காமல் கமிட் செய்யாதீர்கள். வேண்டுமென்றே இரண்டு தடவை அனுப்பச் செய்யுங்கள், அப்போதும் பச்சை என்றால் அது டெஸ்ட்டே இல்லை. மாக் போடும்போது ஆட்டோஸ்பெக் (அசலில் இல்லாத பெயரை ஏற்காத வசதி) போடுங்கள். சர்வரில் உள்ள வெர்ஷனையே லேப்டாப்பிலும் வையுங்கள். சிக்னல் இல்லாமல் ஏற்காட்டில் உட்கார்ந்திருந்தாலும் பைத்தானின் ஹெல்ப் வேலை செய்யும், அது காட்டுவது உங்கள் மெஷினில் உள்ள வெர்ஷனைத்தான்.

அப்புறம், டாக்குமெண்டேஷனே நிஜமாகத் தப்பாக இருந்தால் டீக்கடையில் புலம்பிவிட்டுப் போய்விடாதீர்கள், தயவுசெய்து. வெர்ஷன் எண்ணையும், ஓட்டிப் பார்க்க நாலைந்து வரி கோடையும் சேர்த்து அந்த லைப்ரரிக்காரர்களுக்கு ஒரு இஷ்யூ போட்டுவிடுங்கள்.