பெட்சிர்க்: மாவட்டமா, மண்டலமா?

பெர்லினைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியிலேயே காலை வாரிவிடும் சொல் ஒன்று உண்டு: பெட்சிர்க். பெர்லின் நகரின் நிர்வாகப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஜெர்மனில் அதுதான் பெயர். அவற்றில் ஒன்றான ஷ்பாண்டாவை 'ஷ்பாண்டாவ் மாவட்டம்' என்று ஒருவர் எழுதுவார். 'ஷ்பாண்டாவ் நகராட்சி' என்பார் இன்னொருவர். ஆங்கிலம் வழியாக வருபவர் 'பரோ' என்று அப்படியே போட்டுவிட்டு நடையைக் கட்டுவார். மூன்றுமே சரியில்லை என்பது என் கட்சி.

முதலில் ஒலி. ஜெர்மன் மொழியில் இசட் எழுத்தை 'ட்ஸ்' என்று சொல்ல வேண்டும். ஆகவே 'பெசிர்க்' அல்ல, 'பெட்சிர்க்'. அதேபோல் சொல்லின் தொடக்கத்தில் 'ஸ்ப' வந்தால் 'ஷ்ப' என்றாகும். அதனால்தான் ஸ்பான்டாவ் என்று எழுதாமல் ஷ்பாண்டாவ் என்கிறேன்.

இனி வேர். 'பெ' வெறும் முன்னொட்டு. மீதியிருக்கும் 'ட்சிர்க்' லத்தீனிலிருந்து வந்தது. 'சிர்குஸ்' என்றால் லத்தீனில் வட்டம், வளையம். சர்க்கஸ் கூடாரம் வட்டமாக இருப்பது நினைவுக்கு வருகிறதா? அதே சொல்தான். பள்ளிக்கூடக் கணிதப்பெட்டியில் நாம் காம்பஸ் என்றும் பாடப்புத்தகம் கவராயம் என்றும் சொல்லும் கருவிக்கு ஜெர்மனில் 'ட்சிர்க்கெல்' என்று பெயர். அதுவும் இந்தக் குடும்பம். ஆக, பெட்சிர்க் என்றால் ஒரு வட்டத்துக்குள் அடைபட்ட நிலம், ஓர் அதிகாரத்தின் சுற்றெல்லை.

இங்கேதான் தமிழ் படித்தவருக்கு ஒரு புன்னகை வரும். தாலுகாவுக்கு நாம் வைத்த பெயர் வட்டம். பல வட்டங்கள் சேர்ந்தால் மாவட்டம். ஊரும் சுற்றுப்புறமும் வட்டாரம். மண்டலம் என்ற சொல்லுக்கும் அடிப்பொருள் வட்டம்தான். கதிரைச் சுற்றி ஒளி மண்டலம், 48 நாள் சுற்றினால் ஒரு மண்டல விரதம். ஜெர்மானியரும் இதில் சளைத்தவர்கள் அல்லர். அவர்களுடைய மாவட்டத்துக்கு 'கிரைஸ்' என்று பெயர், அதற்கும் வட்டம் என்றே பொருள். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் கிரைஸ் 1, கிரைஸ் 4 என்று 12 நகரப் பிரிவுகள் இருப்பதை அங்கே வாழும் நம்மவர்கள் நன்றாக அறிவார்கள்.

சரி, எல்லாமே வட்டம் என்றால் எதைத்தான் எடுப்பது? அளவைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு பொறி இருக்கிறது. பெட்சிர்க் என்ற ஒரே சொல் இடத்துக்கு இடம் பெருக்கும், சுருங்கும். 1952இல் கிழக்கு ஜெர்மனி தன் மாநிலங்களை ஒதுக்கிவிட்டு நாட்டை 14 பெட்சிர்க்குகளாகப் பிரித்தது. ஒவ்வொன்றும் நம் மாவட்டங்கள் பலவற்றைச் சேர்த்துக் கட்டியது போல. அதனால் கிழக்கு பெர்லினில் நகருக்குள் இருந்த பிரிவை 'ஷ்டாட்பெட்சிர்க்', அதாவது நகரப் பெட்சிர்க், என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. பவேரியா மாநிலத்திலோ இன்றும் 7 பெரிய ஆட்சிப் பெட்சிர்க்குகள் உள்ளன. அதன் தலைநகர் மியூனிக்குக்குள் 25 சிறிய நகரப் பெட்சிர்க்குகள். பெர்லினில் மொத்தம் 12, ஹாம்பர்க்கில் 7.

எனவே பொதுவாக ஒரு தமிழ்ச்சொல்லைத் தூக்கி ஒட்ட முடியாது. பெர்லின் பெட்சிர்க் என்பது எப்படிப்பட்ட பொருள் என்று ஒன்றை அருகில் போய்ப் பார்த்துவிடுவோம். ஷ்பாண்டாவையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் தான் பெர்லினின் ஒரு பகுதி என்பதை அந்த ஊர் இன்னும் மனமார ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

பெர்லினின் மேற்கு ஓரம், சுமார் 92 சதுர கிலோமீட்டர். ஹாவெல் ஆறு வடக்கிலிருந்து தெற்காக இதன் ஊடே ஓடுகிறது. பெர்லின் நகரின் நடுவே, நாடாளுமன்றத்தை ஒட்டி ஓடும் ஷ்ப்ரே ஆறு இருக்கிறதே, அது வந்து ஹாவெலில் விழும் இடம் ஷ்பாண்டாவ்தான். வேடிக்கை என்னவென்றால் ஷ்ப்ரேயின் நீளம் சுமார் 400 கிலோமீட்டர், ஹாவெல் அதைவிடக் குறைவு. நீளமான ஆறு குட்டையான ஆற்றில் கலந்து தன் பெயரை இழக்கிறது. இந்த இரண்டு ஆறுகள் கூடும் இடத்தருகே 8ஆம் நூற்றாண்டிலிருந்தே ஸ்லாவ் மக்களின் கோட்டைக் குடியிருப்பு இருந்தது. 1197ஆம் ஆண்டு ஆவணமொன்றில் 'ஷ்பாண்டோவே' என்று பெயர் வருகிறது. 1232இல் இது நகரம் என்று ஏட்டில் ஏறிவிட்டது. பெர்லினின் இரட்டைப் பிறவியான கோல்ன் ஏட்டில் தலைகாட்டுவது 1237இல், பெர்லின் 1244இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், யார் அண்ணன் என்று.

ஹாவெல் ஓரத்தில் நான்கு மூலையிலும் அம்புமுனை போல் நீட்டிக்கொண்டிருக்கும் கொத்தளங்களோடு, நாலாபுறமும் தண்ணீர் சூழ, ஒரு செங்கல் கோட்டை நிற்கிறது. 1559இல் தொடங்கி 1594இல் முடித்தார்கள். இத்தாலியக் கட்டுமான வல்லுநர்களை வரவழைத்துக் கட்டியது. அதற்கும் முன்பிருந்த வட்டக் கோபுரம் ஒன்றும் உள்ளே இருக்கிறது, பெயர் யூலியுஸ் கோபுரம். கோட்டைக்குள்ளிருக்கும் பழைய மாளிகையின் அடித்தளச் சுவரில் எபிரேய எழுத்துப் பொறித்த கற்கள் கிடைத்தன. யூதர்களின் இடுகாட்டிலிருந்து பெயர்த்து வந்து, கட்டுமானக் கல்லாக அடுக்கிவிட்டிருக்கிறார்கள். அவற்றில் பழையதில் உள்ள ஆண்டு 1244. பெர்லின் என்ற பெயர் முதன்முதலாக ஏட்டில் வந்த அதே ஆண்டில், இங்கே இறந்தவருக்குப் பெயர் பொறித்துக் கல் நடும் அளவுக்கு ஒரு சமூகம் வேரூன்றி இருந்திருக்கிறது.

யூலியுஸ் கோபுரத்துக்கு இன்னொரு கதை. 1870-71 போரில் தோற்ற பிரான்ஸ் கொடுத்த இழப்பீட்டுப் பணத்திலிருந்து 12 கோடி மார்க் மதிப்புள்ள தங்கக் காசுகளை எடுத்து, பெட்டிக்கு ஒரு லட்சம் மார்க் என்று 1,200 பெட்டிகளில் அடைத்து, 1874 முதல் இந்தக் கோபுரத்துக்குள் பூட்டி வைத்தார்கள். அடுத்த போர் வந்தால் செலவுக்கு. முதல் உலகப் போரில் தோற்றதும் 1919இல் அந்தத் தங்கம் பிரான்சுக்கே திரும்பிப் போனது. ஆனால் பெயர் மட்டும் தங்கிவிட்டது: 1950களில் மேற்கு ஜெர்மனியின் நிதியமைச்சர் ஃபிரிட்ஸ் ஷேஃபர் செலவழிக்காமல் சேர்த்து வைத்த அரசுப் பணத்தை ஊரே 'யூலியுஸ் கோபுரம்' என்று சொன்னது.

கோட்டை என்று வந்ததால் 'பரோ'வையும் முடித்துவிடலாம். அந்த ஆங்கிலச் சொல்லின் பழம்பொருள் அரண் சூழ்ந்த இடம். ஹாம்பர்க், மாக்டெபுர்க் என்று ஜெர்மன் ஊர்ப்பெயர்களின் வாலில் தொங்கும் 'புர்க்' அதன் உடன்பிறப்பு. நம் புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை மாதிரி. ஆக, கோட்டை வைத்திருக்கும் ஷ்பாண்டாவுக்குப் பரோ என்ற சொல் பொருந்தும் போலத் தோன்றும். அது தற்செயல். பெட்சிர்க் கோட்டையைச் சொல்லவில்லை, எல்லையைச் சொல்கிறது. இரண்டும் வேறு வேறு பார்வை. மேலும் தமிழில் 'பரோ' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றுமே விளங்காது.

இப்போது 1920. அதுவரை பெர்லின் 66 சதுர கிலோமீட்டர் நகரம். ஷ்பாண்டாவ் அதற்கு வெளியே தனி நகரம், தனி மேயர், தனி வரவு செலவு. பெர்லின் விழுங்கிவிடும் என்ற பேச்சு அதற்குப் பத்தாண்டு முன்பே தொடங்கிவிட்டது. 1911இல் ஷ்பாண்டாவ் தனக்கென ஒரு பெரிய நகர மன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது, பெரு பெர்லினிடமிருந்து பேரரசர் கைதான் எங்களைக் காக்க வேண்டும் என்று எதுகை போட்டு வேண்டிக்கொண்டார்கள். பேரரசரோ 1918இல் தானே முடி துறந்து போனார். 1920 அக்டோபர் 1 அன்று பெரு பெர்லின் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 8 நகரங்கள், 59 கிராம ஊராட்சிகள், 27 பண்ணை நிலங்கள் ஒன்றாயின. ஒரே நாளில் பெர்லின் சுமார் 878 சதுர கிலோமீட்டர், 38 லட்சம் மக்கள் என்று ஊதிவிட்டது. உள்ளே 20 பெட்சிர்க்குகள். ஷ்பாண்டாவ் அவற்றில் ஒன்றாகிப் போனது. பின்னர் 23 ஆகி, 2001இல் இணைத்து 12 ஆக்கியபோதும் ஷ்பாண்டாவை யாரோடும் சேர்க்கவில்லை.

வட்டம் என்ற சொல்லைக் கேலி செய்வது போல, 1945க்குப் பிறகு இதன் எல்லை கோணல்மாணல் ஆனது. போரில் வென்ற நாடுகள் பெர்லினைப் பங்கிட்டுக்கொண்டதில் ஷ்பாண்டாவ் பிரிட்டிஷ் பகுதிக்குள் வந்தது. இங்கிருந்த காட்டோவ் விமானத்தளத்தை முழுதாகத் தங்கள் கையில் வைத்துக்கொள்வதற்காகப் பிரிட்டிஷார் சோவியத்தோடு நிலம் மாற்றிக்கொண்டார்கள். பதிலுக்கு ஷ்பாண்டாவின் ஒரு பகுதியான மேற்கு ஷ்டாக்கென் சோவியத்துக்குக் கைமாறியது, 1990 அக்டோபர் 3 அன்றுதான் திரும்பி வந்தது. 1948-49இல் சோவியத் மேற்கு பெர்லினை முற்றுகையிட்டபோது காட்டோவில் விமானங்கள் இறங்கின, ஹாவெல் ஆற்றின் மேலேயே மிதவை விமானங்கள் உப்பு மூட்டைகளோடு இறங்கின. கடலுக்கென்று செய்த விமானம், உப்புக்குத் துருப்பிடிக்காது. வடமேற்கில் ஐஸ்கெல்லர் என்று மூன்று பண்ணை வீடுகள் கொண்ட மூலை, ஒரே ஒரு ஒற்றையடி ரோட்டால் மேற்கு பெர்லினோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கிழக்கு ஜெர்மன் காவலர்கள் வழி மறிக்கிறார்கள் என்று ஒரு பள்ளிச் சிறுவன் சொல்ல, பிரிட்டிஷ் ராணுவ வண்டி ஒன்று அவனுக்குத் துணையாகப் போனது. பள்ளிக்கு மட்டம் போடக் கட்டிய கதை அது என்று வளர்ந்த பிறகு அவரே ஒப்புக்கொண்டார்.

இப்படி ஒரு பெட்சிர்க்குக்கு நிர்வாகத்தில் என்ன இடம்? தேர்ந்தெடுத்த 55 உறுப்பினர் கொண்ட மன்றம் உண்டு, மேயர் உண்டு, அலுவலகம் உண்டு. பூங்கா, நூலகம், கட்டட அனுமதி எல்லாம் அங்கேதான். ஆனால் தனக்கென்று வரி கிடையாது, தனிச் சட்ட ஆளுமை கிடையாது. பணம் பெர்லின் அரசு கொடுக்க வேண்டும். ஆகவே நகராட்சி என்று எழுதுவது தவறு. ஒரு நகரின் உட்பிரிவு என்பதால் மாவட்டமும் தவறு. 'கிரைஸ்' என்பதற்கு அந்தச் சொல்லை விட்டுவைக்க வேண்டும்.

சென்னையைப் பாருங்கள். 2011 விரிவாக்கத்தில் மாநகராட்சி 15 மண்டலம், 200 வார்டு என்றானது. தேவாரப் பாடல் பெற்ற திருவொற்றியூர், மதராஸ் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டு முந்தைய ஊர், அதுவரை தனி நகராட்சி, இப்போது சென்னையின் முதலாவது மண்டலம். ஷ்பாண்டாவின் கதையும் இதே கதைதான். சில லட்சம் மக்கள், ஒரு மண்டல அலுவலகம், ஒரு குழு, பணத்துக்கு ரிப்பன் மாளிகை.

எனவே என் தேர்வு: நகர மண்டலம். வட்டம் என்று சொல்லலாமே, மண்டலம் வடமொழியாயிற்றே என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். வட்டம் தாலுகாவுக்குப் போய்விட்டது, கட்சிக்காரர்கள் வார்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். மேலும் பெட்சிர்க்கே லத்தீனிடம் கடன் வாங்கிய சொல், கடனுக்குக் கடன். சோழர் காலத்தில் மண்டலம் என்றால் ஒரு பெருநிலப்பரப்பு, சயங்கொண்ட சோழமண்டலம் என்று கல்வெட்டில் வரும் அளவுக்கு. இன்று சொத்துவரி கட்டப் போகும் அலுவலகத்தின் பெயர். ஜெர்மன் சொல் இடத்துக்கு இடம் சுருங்கியது போல நம் சொல் காலத்துக்குக் காலம் சுருங்கியிருக்கிறது.

அப்புறம் துணைச்சொற்கள். 'பெட்சிர்க்ஸ்அம்ட்' மண்டல அலுவலகம். மண்டலத்துக்குள் இருக்கும் 'ஓர்ட்ஸ்டைல்' பகுதி. ஷ்பாண்டாவில் ஷ்டாக்கென், காட்டோவ், கிளாடோவ், ஜீமென்ஸ்ஷ்டாட் என்று 9 இருக்கின்றன. அதற்கும் உள்ளே, எந்த அரசாணையும் வரையறுக்காத, நாலு தெரு, ஒரு டீக்கடை, தெரிந்த முகங்கள் என்ற அளவில் பெர்லின்காரர் 'கீட்ஸ்' என்பார். பழைய நாளில் கோட்டையை ஒட்டியிருந்த ஸ்லாவ் மீனவர் குடியிருப்புக்கு வழங்கிய பெயர் அது, ஷ்பாண்டாவிலும் ஒன்று இருந்தது. இதற்குத் தமிழ் தேட வேண்டியதே இல்லை. வடசென்னையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: நம்ம பேட்டை.